வெப்பத்தை இறைக்கும் ஏற்றம்
வடசென்னை வீடுகளில் குளிரூட்டியின் திறனறியும் முறை

முன்னுரை

“ஏ.சி. ஓடுகிறது, ஆனால் அறை குளிரவில்லை” என்னும் குறை, கோடை தொடங்கியதும் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் வீடுதோறும் எழுகின்றது. உடனே பழுதுபார்ப்பவர் அழைக்கப்படுகின்றார். பெரும்பாலும் “கேஸ் குறைந்துவிட்டது” என்னும் ஒரே தீர்ப்பு வழங்கப்படுகின்றது. பணம் கைமாறுகின்றது. அடுத்த கோடையில் அதே குறை மீண்டும் தலைதூக்குகின்றது.

இத்தனைக்கும் இடையில், ஒரு வெப்பமானியை எடுத்து அளந்து பார்ப்போர் மிகச் சிலரே. நாடி பாராமல் மருந்து கொடுப்பதைப் போன்றது இது. நாள் முழுதும் உழைத்துச் சேர்த்த பணத்தில் தவணை முறையில் குளிரூட்டி வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. அப்பொறி எவ்வாறு இயங்குகின்றது, அது குன்றும்போது குறை எங்கே இருக்கின்றது என்பதை வீட்டார் தாமே அளந்தறிய இயலும். அம்முறையை இக்கட்டுரையில் காண்போம்.

குளிர் என்று ஒரு பொருள் இல்லை

குளிரூட்டி குளிரை உண்டாக்குகின்றது என்று நாம் கருதுகின்றோம். அறிவியல் நோக்கில் அது சரியன்று. குளிர் என்பது தனியொரு பொருளன்று. வெப்பம் குறைந்த நிலையே குளிர். குளிரூட்டி செய்வதெல்லாம் அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளிச் சென்று வெளியே கொட்டுவதேயாகும். இத்தகைய பொறியை ஆங்கிலத்தில் ‘ஹீட் பம்ப்’ என்பர். குளிர்நாடுகளில் இதே பொறியைத் திருப்பி இயக்கி, வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டினுள் கொணர்ந்து அறையைச் சூடாக்குகின்றனர். நம் வீட்டுக் குளிரூட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் அதன் உடன்பிறப்புகளே.

வெப்பம் தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கே பாயும். அதனை எதிர்த்திசையில் செலுத்த வேண்டுமாயின் உழைப்பைச் செலவிட வேண்டும். இவ்வுண்மையின் அடிப்படையைப் பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ 1824ஆம் ஆண்டில் வகுத்தளித்தார். 1834இல் ஜேக்கப் பெர்க்கின்ஸ், ஆவியை அமுக்கிக் குளிர்விக்கும் பொறிக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1856இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த பீட்டர் வான் ரிட்டிங்கர் உப்பு காய்ச்சும் தொழிலுக்காக முதல் வெப்ப ஏற்றப் பொறியை அமைத்தார். நம் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி புறப்பட்டதும் அதே 1856ஆம் ஆண்டிலேதான்.

ஏற்றமும் கிணற்றின் ஆழமும்

‘ஹீட் பம்ப்’ என்பதை ‘வெப்ப ஏற்றம்’ என்று தமிழில் வழங்கினால் அதன் இயல்பு எளிதில் விளங்கும். நம் முன்னோர் ஏற்றம் கட்டிக் கிணற்று நீரை இறைத்தனர். நீர்மட்டம் மேலே இருந்தால் ஒரே உழைப்பில் பல சால் நீர் கிடைக்கும். ஆழத்தில் இருந்தால் அதே உழைப்பில் சில சால்களே கிடைக்கும். இங்கு நீருக்குப் பதில் வெப்பம். கிணற்றின் ஆழத்திற்குப் பதில், உட்பெட்டியின் குளிர்ந்த சுருளுக்கும் வெளிப்பெட்டியின் சூடான சுருளுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாடு.

இதனைக் கணக்கிட்டும் காணலாம். உட்சுருள் 7 பாகை செல்சியஸ், வெளிச்சுருள் 50 பாகை என்று கொள்வோம். கெல்வின் அளவில் அவை 280, 323 ஆகும். 280ஐ இடைவேறுபாடாகிய 43ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.5 வரும். அதாவது, ஒரு பங்கு மின்னாற்றலைக் கொண்டு அதிக அளவாக ஆறரைப் பங்கு வெப்பத்தை இறைக்கலாம் என்பது இயற்கை விதித்த எல்லை. நடைமுறையில் வீட்டுப் பொறிகள் அவ்வெல்லையில் ஏறத்தாழப் பாதியையே எட்டுகின்றன.

வெளிச்சுருளில் அழுக்கடைந்து அதன் வெப்பநிலை 60 பாகையாக உயர்ந்துவிட்டால், அவ்வெல்லை 5.3ஆகத் தாழ்கின்றது. அத்துடன் உட்புற வடிகட்டியும் அடைபட்டு உட்சுருள் 0 பாகைக்கு இறங்கிவிட்டால், 4.6 ஆகின்றது. பொறியின் எந்த உறுப்பும் பழுதடையாமலே, திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழுக்கினால் மட்டும் அழிந்துபோகின்றது. கிணறு இருபுறமும் ஆழமாகிவிட்டது என்பதே இதன் பொருள்.

‘டன்’ என்னும் அளவு

“ஒன்றரை டன் ஏ.சி.” என்கின்றோம். இந்த டன் எதனைக் குறிக்கின்றது? பொறியின் எடையை அன்று. 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் முழுதும் உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் அகற்றும் ஆற்றலே ஒரு டன். மின்னளவில் அது ஏறத்தாழ 3.5 கிலோவாட் ஆகும்.

இவ்வளவு பனிக்கட்டி வாணிபக் காலத்தின் நினைவுச் சின்னம். அமெரிக்காவின் போஸ்டன் பகுதி ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றிவந்து சேமிப்பதற்காக, ஃபிரெடரிக் டியூடர் என்பவர் 1842இல் சென்னைக் கடற்கரையில் எழுப்பிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாகத் திகழ்கின்றது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இன்றும் பனிக்கட்டிப் பாளங்களை நொறுக்கி மீனுக்கு இடுவதைக் காண்போர், ‘டன்’ என்னும் சொல்லின் பொருளைக் கண்ணெதிரே காண்கின்றனர்.

இவ்வளவை அறிந்தால் சுமையைக் கணக்கிடலாம். அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகின்றது. ரமலான் இரவில் தராவீஹ் தொழுகைக்காக 200 பேர் கூடும் பள்ளிவாசல் கூடத்தில், மனித உடல்களிலிருந்து மட்டும் 20 கிலோவாட், அதாவது ஆறு டன்னுக்குச் சற்றே குறைந்த வெப்பம் எழுகின்றது. அங்கே மூன்று டன் பொறியை நிறுவிவிட்டு, அது குளிரவில்லை என்று அதன் மேல் பழி சுமத்துவது முறையாகாது.

ஈரம் என்னும் மறைந்த சுமை

உள்நாட்டு ஊர்களில் வெட்டிவேர்த் தட்டியும் மண்பானையும் நல்ல குளிர்ச்சி தரும். ஈரான் முதலிய நாடுகளில் ‘பாத்கிர்’ எனப்படும் காற்றுக் கோபுரங்களை எழுப்பி, வறண்ட காற்றைக் கீழிறக்கி, நீரின் மேல் செலுத்தி வீட்டைக் குளிர்வித்தனர். இவையெல்லாம் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும் இயல்பைப் பயன்படுத்துவன. நம் கடற்கரையில் காற்று முன்னரே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் எளிதில் ஆவியாவதில்லை. வியர்வை உலராமல் உடல் புழுங்குவதற்கும் இதுவே காரணம். பிற்பகலில் கடற்காற்று வீசும்போது வெப்பமானியின் அளவு தாழ்கின்றது. ஆனால் ஈரப்பதம் உயர்கின்றது.

ஆதலின் இராயபுரத்தில் குளிரூட்டிக்கு இரண்டு பணிகள் உள்ளன. ஒன்று, காற்றின் வெப்பத்தைக் குறைத்தல். மற்றொன்று, காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுத்தல். இரண்டாவது பணி வெப்பமானியில் தெரியாது. அது வடிகுழாய் வழியே சொட்டும் நீரில் தெரியும். ஒரு லிட்டர் நீர் வடிவதற்கு ஏறத்தாழ 0.68 யூனிட் அளவுள்ள வெப்பத்தைப் பொறி அகற்றியாக வேண்டும். வடிகுழாயின் கீழ் ஒரு வாளியை வைத்து ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் சேருவதாகக் கண்டால், ஒன்றரை டன் பொறியின் முழு ஆற்றலாகிய 5.2 கிலோவாட்டில் ஏறத்தாழ ஒரு கிலோவாட், ஈரத்தை அகற்றுவதற்கே செலவாகின்றது என்று அறியலாம். கதவைத் திறந்து மூடுந்தோறும் புதிய ஈரம் உள்ளே வருகின்றது. வாளியும் ஒருவகை அளவுகோலே என்பதை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும்.

கடற்கரை உப்பும் ஆலைப் புழுதியும்

வெளிப்பெட்டியின் சுருளில் செம்புக் குழாய்களின் மேல் மெல்லிய அலுமினியத் தகடுகள் செருகப்பட்டிருக்கும். கடற்காற்றிலுள்ள உப்பும் ஈரமும் அவ்விரு உலோகங்களுக்கிடையே சிறு மின்கலம் போன்ற நிலையை உண்டாக்குகின்றன. அதனால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாக உதிர்கின்றது. தகடு குழாயை விட்டு அகன்றால், வெப்பம் காற்றுக்குச் செல்லும் வழி அறுபடுகின்றது. தகடுகளுக்குக் காப்புப் பூச்சிட்ட பொறிகள் கடற்கரைக்கு ஏற்றவை. எனினும் பூச்சும் அரிப்பைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் தடுத்துவிடாது.

உப்போடு புழுதியும் சேர்கின்றது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதால் பரவிய கரித்தூளை இராயபுரத்து மக்கள் பல்லாண்டுகள் சுவாசித்தனர். நீதிமன்ற ஆணையால் 2011இல் அது அங்கு நிறுத்தப்பட்டது. நிலக்கரி, 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்திற்குச் சென்றது. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் உள்ள அனல்மின் நிலையங்கள் இயங்கி வருகின்றன. சாம்பலும், சரக்குப் பெட்டக லாரிகள் கிளப்பும் புழுதியும் சுருளின் ஈரத்தில் ஒட்டிச் சேறாகி இறுகுகின்றன. ஆகவே, பிற இடங்களில் ஆண்டுக்கொருமுறை போதுமான சுருள் கழுவுதல், இங்கே இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தேவைப்படுகின்றது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே நன்னீரால் கழுவ வேண்டும்.

மூன்றாவது இடர், தெருவின் குறுக்கம். இரண்டு முழ அகலமுள்ள சந்தில் எதிரெதிரே வெளிப்பெட்டிகளைப் பொருத்தினால், ஒன்று கக்கும் வெப்பக்காற்றை மற்றொன்று உறிஞ்சுகின்றது. ஊரின் வெப்பநிலை 35 பாகையாக இருப்பினும், அப்பெட்டியின் முகத்தில் அதனினும் மிகுந்த வெப்பம் இருக்கும்.

வெப்பமானி சொல்வதும் சொல்லாததும்

ரிமோட்டில் தெரியும் எண் அறையின் வெப்பநிலை அன்று. அது நாம் இட்ட கட்டளை. பொறி தன் உள்ளே உறிஞ்சும் காற்றினை, தெர்மிஸ்டர் என்னும் சிறு உணரியால் அளக்கின்றது. உட்பெட்டி கூரையை ஒட்டி இருப்பதால் அங்குள்ள காற்று, கட்டிலருகே உள்ள காற்றைவிடச் சற்று வெம்மையாக இருக்கலாம். குளிர்காற்று திரைச்சீலையில் மோதி உடனே திரும்பினால், அறை குளிருமுன்னரே குளிர்ந்துவிட்டதாக உணரி ஏமாறவும் கூடும்.

கைத்துப்பாக்கி வடிவிலுள்ள அகச்சிவப்பு வெப்பமானி, காற்றை அளப்பதில்லை. எதிரிலுள்ள பரப்பையே அளக்கின்றது. பளபளப்பான உலோகத்தின் மேல் அது பெரிதும் பிழைபடும். செய்திகளில் கூறப்படும் சென்னையின் வெப்பநிலையோ, நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் நிழலில், காற்றோட்டமுள்ள வெண்பெட்டிக்குள் வைத்து அளக்கப்படுவது. 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் பதிவான 45 பாகையும் அவ்வாறு அளந்ததே. நம் மொட்டை மாடியின் வெப்பம் அதனினும் வேறானது.

ஆகவே கருவியை முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது நீரும் கலந்த குவளையில் வெப்பமானியின் முனையை வைத்துக் கலக்கினால் 0 பாகை காட்ட வேண்டும். ஒரு பாகை மிகுத்துக் காட்டினால், அதனை எல்லா அளவுகளிலும் கழித்துக்கொண்டால் போதும்.

அளந்தறியும் முறை

1. வடிகட்டியைக் கழற்றிக் கழுவி உலர்த்திப் பொருத்துக. கதவு, சன்னல்களை மூடுக.

2. பொறியை மிகக் குறைந்த வெப்பநிலைக்கும் மிகுந்த காற்று வேகத்திற்கும் அமைத்து அரைமணி நேரம் ஓடவிடுக. இன்வெர்ட்டர் வகைப் பொறி, தேவை குறைந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆதலின் சோதனையின்போது முழுவிசையில் இயக்குதல் இன்றியமையாதது.

3. உட்பெட்டியின் மேற்புறத்தில் காற்று நுழையுமிடத்திலும், கீழ்ப்புறத்தில் வெளியேறுமிடத்திலும் வெப்பநிலையை அளந்து குறித்துக்கொள்க. முனையில் ஈரம் படியலாகாது.

4. வெளிப்பெட்டியின் பின்புறத்தில் நுழையும் காற்றையும் அளக்க. எட்டிப் பிடிக்க இயலாத இடமாயின் அதற்குரிய பயிற்சி பெற்றவரைக் கொண்டே செய்க. சாரமின்றிச் சன்னல் விளிம்பில் ஏறுதல் உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

5. வீட்டின் பிற மின்கருவிகளை நிறுத்திவிட்டு, மின்மானியின் விளக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகின்றது என்று எண்ணுக. ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது அதன் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3,200 என்றிருந்து, நிமிடத்திற்கு 80 முறை மின்னினால், பொறி 1.5 கிலோவாட் ஈர்க்கின்றது.

எண்களின் பொருள்

நுழையும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் 8 முதல் 12 பாகை வரை வேறுபாடு இருப்பின், பொதுவாகப் பொறி நலமுடன் உள்ளது. ஈரம் மிகுந்த நாளில் அது எட்டுப் பாகையை ஒட்டியே நின்றாலும் அஞ்ச வேண்டியதில்லை. வாளியில் நீர் மிகுதியாக இருக்கும்.

வேறுபாடு நன்றாக இருந்தும் அறை குளிரவில்லையெனில், குற்றம் பொறியில் இல்லை. மாடித் தளத்தின் வெயில், கதவிடுக்கு, ஆட்பெருக்கம் ஆகியவற்றை ஆராய வேண்டும். அத்தகைய வீட்டில் எத்தனை முறை கேஸ் நிரப்பினும் பயனில்லை.

வேறுபாடு குறைந்து, உட்சுருள் முழுதும் ஒரே சீராக உறைபனி படர்ந்திருந்தால் காற்றோட்டம் தடைப்பட்டுள்ளது எனலாம். குழாய் நுழையும் பகுதியில் மட்டும் உறைபனி இருந்தால் குளிர்பதனப் பொருள் குறைந்திருக்கக்கூடும். வேறுபாடு குறைந்து, மின் ஈர்ப்பு மிகுந்து, வெளிப்பெட்டி அனல் கக்கினால் வெளிச்சுருள் அழுக்கடைந்துள்ளது. அல்லது தன் வெப்பத்தைத் தானே உறிஞ்சுகின்றது. வேறுபாடே இல்லாமல் மின் ஈர்ப்பும் மிகக் குறைந்திருந்தால் கம்ப்ரசர் ஓடவில்லை. மின்னழுத்தக் குறைவோ கெப்பாசிட்டர் பழுதோ காரணமாகலாம்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை வலியுறுத்த வேண்டும். கேஸ் என்பது பெட்ரோல் போல எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்க்குள் அதே பொருள் ஆண்டுக்கணக்கில் சுழன்றுகொண்டிருக்கும். அது குறைந்தது உண்மையானால் எங்கோ கசிவு உள்ளது. கசிவை அடைக்காமல் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதேயாகும். மேலும், ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் குளிர்பதனப் பொருள்கள் மாறிவந்துள்ளன. இக்காலத்தில் வழங்கும் ஆர்-32 தீப்பற்றும் தன்மையுடையது. ஆர்-290 என்பது புரொபேன், நம் அடுப்பெரிக்கும் வாயுவின் இனம். பெட்டியின் தகட்டில் எழுதப்பட்ட வகையைப் படித்தறியாமல், மூடிய அறையில் தீச்சுடர் கொண்டு பற்றவைக்கும் இளைஞர்கள் தம் உயிரையே பணயம் வைக்கின்றனர்.

மருந்து காக்கும் பெட்டி

இதே ஏற்றம் குளிர்சாதனப் பெட்டியிலும் இயங்குகின்றது. நீரிழிவுற்ற நம் பெரியோர் பலர் இன்சுலினை அதனுள் வைத்துக் காக்கின்றனர். திறக்கப்படாத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் அது பயனற்றதாகும். முகப்பிலுள்ள திருகின் 1, 2, 3 என்னும் எண்கள் பாகைகள் அல்ல. ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டு, மருந்து வைக்கும் தட்டிலேயே ஓரிரவு வைத்துக் காலையில் பார்த்தால் உண்மை தெரியும். அடிக்கடி திறக்கும் கதவின் தட்டும், உறைபெட்டியை ஒட்டிய இடமும் மருந்துக்கு ஏற்றவையல்ல, நடுத்தட்டே நல்லது.

வீண்விரயம் தவிர்த்தல்

ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்பது நம் பெரியோர் வழிவழியாக எடுத்துரைக்கும் நெறி. மின்சாரத்திற்கும் இந்நெறி பொருந்தும். 1.5 கிலோவாட் ஈர்க்கும் பொறி நாளொன்றுக்கு 8 மணி நேரம் முழுவிசையில் ஓடினால் 12 யூனிட் செலவாகும். திறன் ஐந்தில் ஒரு பங்கு குன்றினால், அதே குளிர்ச்சிக்கு 15 யூனிட் தேவைப்படும். மிகையான அந்த 3 யூனிட்டை நிலக்கரியால் ஆக்க ஏறத்தாழ 2 கிலோ கரியை எரிக்க வேண்டும். உள்நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சுகின்றது. அச்சாம்பலின் ஒரு பகுதியைத் தாங்குவது எண்ணூர்க் கழிமுகமும் அதனை நம்பி வாழும் மீனவர்களுமே. அழுக்கடைந்த சுருள் மிகுதியான கரியை எரிக்கின்றது. எரிந்த கரியின் தூசு மீண்டும் சுருளில் வந்து படிகின்றது.

2020ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் விற்கப்படும் அறைக் குளிரூட்டிகள் 24 பாகையைத் தொடக்க அளவாகக் கொண்டு வருகின்றன. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று ஆற்றல் திறன் செயலகம் கணித்துள்ளது. 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் சுழலவிட்டால், ஈரம் அகன்ற காற்றில் உடல் நன்கு இதம் பெறும். பயன்பாடு ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும் முறையில் மின்வாரியம் கணக்கிடுவதால், சேமிப்பின் பயன் பட்டியலில் உடனே தெரியும். வாளியில் சேரும் நீரையும் வீணாக்காமல் தரை துடைக்கவும் செடிகளுக்கு ஊற்றவும் பயன்படுத்தலாம். குடிப்பதற்கு அது உகந்ததன்று.

முடிவுரை

பழுதுபார்க்கும் தொழிலாளரை ஐயுறுமாறு நாம் கூறவில்லை. கடும் வெயிலில் மாடிச் சுவரைப் பற்றி நின்று உழைப்போர் அவர்கள். நுழைகாற்று, வெளிக்காற்று, மின் ஈர்ப்பு, வடிநீர் ஆகிய நான்கு எண்களைக் குறித்து வைத்திருக்கும் வீட்டார், நேர்மையான தொழிலாளருக்கு உற்ற துணையாவர், மற்றவரிடம் ஏமாறமாட்டார்.

இயற்பியல் பயிலும் மாணவர்கள் வெப்ப இயக்கவியலைத் தேர்வுக்கு மட்டுமே உரியதாகக் கருதலாகாது. தமிழ் பயிலும் மாணவர்களுக்கும் இதில் கடமை உண்டு. அளவைச் சொற்களை எளிய தமிழில் ஆக்கி, தம் தெருவிலுள்ள தாய்மார்க்கும் முதியோர்க்கும் விளங்கச் செய்தல் அறிவியல் தமிழுக்கு ஆற்றும் தொண்டாகும். விடுமுறை நாளொன்றில் ஒரு வெப்பமானியும் ஒரு வாளியும் ஒரு குறிப்பேடும் கொண்டு தத்தம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். கோடை முழுதும் மாதம் ஒருமுறை குறித்துவந்தால், பொறி நோயுறுமுன்னரே அதன் தளர்ச்சி எண்களில் புலப்படும்.